தெற்குப் புள்ளி

அந்த வீடியோவில் ஓடுகிற ஆள் நான்தான்.

மடித்துக் கட்டிய லுங்கி, வெறுங்கால், இடது கையில் ஒரு கயிறு. பெனால்டி அடிப்பதற்காகப் பந்தை வைத்துவிட்டு நிற்கிற ஆட்டக்காரரை நோக்கி ஒருவன் வேலியைத் தாண்டி ஓடுகிறான். நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே அவனைப் பார்க்கிறார். "டேய், அவன புடிங்கடா" என்று யாரோ கத்துகிறார்கள். அப்புறம் அவன் கோலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஏதோ செய்கிறான். அதோடு முடிந்துவிடுகிறது. பழைய போனில் இருந்ததை யாரோ இந்த வருடம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். என் மகள்தான் காட்டினாள். அடியில் நிறைய பேர் சிரித்து எழுதியிருந்தார்கள். குடித்துவிட்டு வந்தவன் என்று ஒருவர். எதிர் அணிக்காரன் என்று இன்னொருவர். அதிகம் பேர் கேட்டிருந்தது ஒன்றுதான்: கடைசியில் கோல் விழுந்ததா?

லீக் அலுவலகத்தில் இப்போது இருக்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேருக்கு முன்னால் பேச வராது. கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வியர்த்துவிடும். எழுதுவது அந்த அளவுக்குக் கஷ்டமில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் பெயர் ஏழுமலை. மைதானத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே நான் 'சுண்ணாம்பு'. இரண்டாம் டிவிஷன் கால்பந்து லீக் எங்கள் பக்கத்தில் தொடங்கிய வருடத்திலிருந்து, முழங்கால் இனி முடியாது என்று சொன்ன போன வருடம் வரை, மைதானத்தைப் பார்த்துக்கொண்டது நான். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கிறது அது. அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் கோல் கம்பத்தில் வருடா வருடம் துரு ஏறும்.

நான் அந்த வேலைக்கு என்று போனவன் இல்லை. வீடுகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். மைதானத்துச் சுற்றுச்சுவருக்கு வெள்ளை அடிக்கக் கூப்பிட்டார்கள். அடித்து முடித்த அன்று மாலை அணியின் செயலாளர் கோபால் வந்து, மீதி இருந்த சுண்ணாம்பைக் காட்டி, "இத வச்சி கோடு போட்டுடுவியா?" என்று கேட்டார். கொத்தனார்கள் நூல் பிடிப்பதை நிறையப் பார்த்திருந்தேன். போட்டுவிடுவேன் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அப்போது லீக்கில் ஆறு அணிகள். ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஒப்பந்தத்தாள் உண்டு. உடை மாற்ற மட்டும் இடம் கிடையாது. பக்கத்துப் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு அறை எங்கள் அணிக்கு, நான்காம் வகுப்பு அறை வெளியூரிலிருந்து வந்த அணிக்கு. பந்துகள் சாக்கில் வரும். கோல் வலை கிழிந்தால் மாமல்லபுரம் கடற்கரையில் வலை பின்னுகிறவர்களிடம் எடுத்துப் போவேன். அவர்கள் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது ஒரு நாளும் பிரிந்ததில்லை. ஜனங்கள் மண்மேட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு படிப்படியாக கேலரி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, படம் ஒட்டிய அட்டை இல்லாமல் யாரும் ஆடக் கூடாது என்று வந்தது. முதலிடம் பிடிக்கிற அணி மேலே முதல் டிவிஷனுக்குப் போகும் என்ற விதி வந்த பிறகுதான் இந்த லீக்குக்கு முதுகெலும்பு முளைத்தது. அதுவரை தோற்றால் டீ குடித்துவிட்டுப் போனவர்கள், அதன் பிறகு தோற்றால் அழுதார்கள்.

லீக்கின் மைதான ஆய்வாளர் தேவசகாயம் சார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வந்து அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை. நூறு அடி இரும்பு டேப் ஒன்று எங்கள் ஸ்டோர் அறையில் இருந்தது. அதில் பூஜ்யம் இருக்கிற முனையை என்னிடம் கொடுப்பார். நான் கோட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். டேப் சுருண்டிருக்கிற டப்பா அவர் கையில் இருக்கும். எண்ணைப் படிப்பது அவர் மட்டும்தான். கோபால் எட்டிப் பார்த்தால்கூட, "நீங்க தள்ளி நில்லுங்க" என்பார். படித்து, குறித்து, கையெழுத்து. அந்த வரிசை மாறாது.

ஆய்வு முறை வந்து முதல் தடவை அவர் வந்தபோது எங்கள் மைதானம் தேறவில்லை. கோல் குறுக்குக் கம்பம் எட்டு அடி உயரம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஏழு அடி பத்து அங்குலம்தான் இருந்தது. கோபால் வெல்டிங் செய்தவனைத் திட்ட ஆரம்பித்தார். சார் என் பக்கம் திரும்பினார்.

"கம்பம் குறையுமாப்பா?"

குறையாது என்று தலையாட்டினேன்.

"அப்ப?"

எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் கூச்சம். "தரை ஏறிகீது சார்" என்றேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கோல் வாயில் விழுகிற பள்ளத்தில் மண் கொட்டிக் கொட்டி, நாங்களே தரையை உயர்த்தியிருந்தோம். சார் மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெட்டி எடுத்து, சமன் செய்து, மறுபடி அளந்தோம். எட்டு அடி. அன்றிலிருந்து அவர் ஆய்வுக்கு வந்தால் கோபாலைத் தேட மாட்டார். "சுண்ணாம்பு எங்க?" என்பார்.

ஆனால் சுண்ணாம்பை நிறுத்தியதும் அவர்தான். விழுந்து புரளும் ஆட்டக்காரர்களுக்குத் தோல் எரிந்தது, ஒருவருக்குக் கண்ணில் பட்டுவிட்டது. இனி சுண்ணாம்பு கூடாது என்றார். வேறு என்ன போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் யோசித்து, கோலமாவு மூட்டையைக் கொண்டுவந்து போட்டேன். வெள்ளைக் கல் மாவு, எரியாது, பளிச்சென்று நிற்கும். என் மனைவி செல்வி வாசலில் நின்று கேட்டாள், "இன்னாய்யா, நம்ம வூட்டு வாசல்ல ஒரு நாளு கோலம் போட்டு இருப்பியா நீ? அங்க போய் மைதானம் பூரா போட்டுகினு கீற." லீக்கில் மற்ற மைதானங்களும் பிறகு கோலமாவுக்கு மாறின. அதைத் தொடங்கியவன் நான் என்பது எந்தத் தாளிலும் இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். பெயர் மட்டும் சுண்ணாம்பாகவே நின்றுவிட்டது.

இப்போது கயிறு. கோடு போட நான் பருத்திக் கயிறு வைத்திருந்தேன். பதினெட்டு அடியில், முப்பதில், முப்பத்தாறில், ஐம்பத்து நாலில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். பெனால்டி அடிக்கிற புள்ளி கோல் கோட்டிலிருந்து முப்பத்தாறு அடி. கயிற்றின் முனையை கோல் கோட்டில் அடித்த முளையில் மாட்டி இழுத்தால், மூன்றாவது சிவப்பு நூல் விழுகிற இடம்தான் புள்ளி. வேகமான வேலை. சார் அதை அனுமதித்தார், ஒரு கண்டிப்போடு. "கயிறு கோடு போட. டேப் சரிபார்க்க. கயிறு நனைஞ்சிருந்தா தொடவே தொடாதே." பருத்தி நனைந்தால் சுருங்கும் என்பது எனக்கும் தெரியும். துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

வீடியோவில் இருக்கிற ஆட்டத்துக்கு வருகிறேன். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். தெற்கு மாவட்டத்து அணி ஒன்று வந்திருந்தது. அவர்கள் எங்களைவிட இரண்டு புள்ளி முன்னால். நாங்கள் ஜெயித்தால் நாங்கள் முதல் டிவிஷனுக்கு. சமனில் முடிந்தால்கூட அவர்கள். எங்கள் பக்கத்து அணி எதுவும் அதுவரை மேலே போனதில்லை. கடப்பாக்கத்திலிருந்து முட்டுக்காடு வரை, ஈசிஆரில் பஸ் ஏறி ஜனங்கள் வருவதாகச் சொன்னார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. பதினொரு மணிக்கு நின்றபோது தெற்கு கோலுக்கு முன்னால் குளம் மாதிரி தண்ணீர். எங்கள் மைதானத்தில் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வு. ஆட்டக்காரர்கள், கோபால், டீக்கடைக்காரர் என்று கையில் கிடைத்ததை எடுத்து எல்லாரும் தண்ணீர் இறைத்தோம். சாக்குப் போட்டு ஒற்றினோம். காய்ந்த மணல் கொட்டி, மிதித்து, இறுக்கினோம். வேலை முடிந்தபோது மற்றக் கோடுகள் மங்கலாகவாவது இருந்தன, அவற்றின் மேலேயே மாவு போட்டுவிட்டேன். தெற்குப் பெனால்டி புள்ளி மட்டும் மணலுக்கு அடியில் போய்விட்டது.

கயிறு வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நன்றாக நனைந்திருந்தது. டேப் ஸ்டோர் அறையில் இருந்தது. நாற்பது எட்டு நடந்தால் ஸ்டோர் அறை. நான் நடக்கவில்லை. இரண்டரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்த முதுகு, கோபால் பின்னாலேயே நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்றது, பசி, எல்லாம் உண்மைதான். இருந்தாலும் நாற்பது எட்டுதான். நனைந்த கயிற்றை மாட்டி, இழுத்து, மூன்றாவது சிவப்பு நூலில் புள்ளி வைத்தேன். பிறகு கயிறு காயட்டும் என்று வேலியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டினேன். விரலால் தட்டினால் ஒலிக்கிற மாதிரி கட்டியிருந்தேன்.

இரண்டு மணிக்கு சார் வந்தார். கோல்களை அளந்தார். பெனால்டி பெட்டியை அளந்தார். வடக்குப் புள்ளி முப்பத்தாறு. தெற்குப் பக்கம் மணல் இறுகிக்கொண்டிருந்ததால் அதிகம் மிதிக்க வேண்டாம் என்று கோல் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். அங்கிருந்தே கேட்டார்.

"தெற்கு?"

"அளந்துட்டேன் சார்."

சார் என் முகத்தை ஒரு விநாடி பார்த்தார். குறித்தார். கையெழுத்துப் போட்டார். அத்தனை வருடத்தில் அவர் அளக்காமல் குறித்தது அது ஒன்றுதான். நான் சொன்னது பொய் இல்லை. சரியும் இல்லை.

ஆட்டம் தொடங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் எங்கள் அணி தெற்கு கோலைப் பார்த்து ஆடியது. நான் எப்போதும் போல அந்த கோலுக்குப் பின்னால் வேலி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முடிய பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் சேகரைப் பெட்டிக்குள் காலை வாரிவிட்டார்கள். விசில். பெனால்டி.

கேலரியில் எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. சேகர் கடப்பாக்கத்துப் பையன், அவன் ஊரே வந்திருந்தது. பந்தைத் துடைத்து அவனே புள்ளியில் வைத்தான்.

எனக்கு ஒரு பழக்கம். பெனால்டி அடிப்பதை நான் பார்க்க மாட்டேன், நெஞ்சு தாங்காது. முகத்தை வேலி ஓரமாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டேன். என் கண்ணுக்கு நேராகக் கயிறு. மதியம் விறைப்பாகக் கட்டிய கயிறு, வெயிலில் காய்ந்து, தூளி மாதிரி தொய்ந்து கிடந்தது.

கட்டும்போது சுருங்கி இருந்திருக்கிறது. அப்படியென்றால் புள்ளி வைத்தபோதும். அப்படியென்றால் சேகர் பந்து வைத்திருக்கிற இடம் முப்பத்தாறு அடி இல்லை. கோலுக்குக் கிட்டே இருக்கிறது.

மறைக்க ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தது. கிட்டே இருப்பது நமக்கு நல்லதுதானே என்ற நினைப்பும் வந்தது. ஆனால் சார் சட்டைப் பையில் இருக்கிற தாளில், அவர் கையெழுத்துக்கு மேலே, என் வார்த்தை இருந்தது. கயிற்றை அவிழ்த்தேன். வேலியைத் தாண்டினேன்.

நடுவருக்கு முன்னால் போய் நின்றதும் குரல் வரவில்லை. இரண்டாவது முயற்சியில் வந்தது. "புள்ளி தப்பு சார். கயிறு நனைஞ்சிடுச்சி. நான்தான் போட்டேன்."

சேகர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "இன்னா அண்ணாத்த, இப்ப தான் டைம் கெட்ச்சுதா உனக்கு?"

"கிட்ட கீது சேகரு."

"கிட்ட தான கீது? எனக்கு நல்லதுதான? போ அண்ணாத்த, போய் உக்காரு."

கோபால் கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். "யோவ் சுண்ணாம்பு! இன்னா பண்ணிகினு கீற? யாரு ஆளுய்யா நீ?" கேலரியிலிருந்து, "டேய் சுண்ணாம்பு, வூட்டுக்குப் போடா!" என்று ஒருவன் ஆரம்பிக்க, பத்துப் பேர், நூறு பேர் என்று அது பெருகியது. அத்தனை பேர் சேர்ந்து என் பெயரைச் சொன்னது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

எதிர் அணி கோல்கீப்பர் மட்டும் சிரித்தான். "அண்ணே, பொறுமையா அளங்க. புள்ளிய நடுக்கோட்டுல வச்சாலும் எனக்குச் சம்மதம்தேன்."

நடுவர் ஆய்வாளரைக் கூப்பிட்டார். சார் மேசையிலிருந்து எழுந்து நடந்து வந்தார். மைதானமே கத்திக்கொண்டிருந்தபோதும் அவர் நடை மாறவில்லை. என் கையிலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "டேப் எடுத்துட்டு வாப்பா" என்றார்.

ஸ்டோர் அறைக்கு ஓடினேன். மதியம் நடக்காத நாற்பது எட்டு.

பூஜ்யம் இருக்கிற முனையை எப்போதும் போல என்னிடம் கொடுத்தார். கோல் கோட்டில் அழுத்திப் பிடித்தேன். சார் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "முப்பத்தி நாலு அடி, அஞ்சு அங்குலம்." ஒன்றரை அடிக்கு மேல் குறைவு. டப்பாவை நகர்த்தி, முப்பத்தாறு வந்த இடத்தில் விரல் வைத்தார். "இங்க போடு."

பழைய புள்ளியை மண்ணோடு வாரி எடுத்தேன். கிண்ணத்தில் மாவு எடுத்துவந்து, குந்தி உட்கார்ந்து, புதுப் புள்ளி போட்டேன். அத்தனை கண்ணும் என் கைமேல் இருந்தது. புள்ளி கோணவில்லை. இருபத்தி சொச்சம் வருடத்தில் நான் போட்டதிலேயே நல்ல வட்டம் அதுதான். வீடியோ இங்கேதான் முடிகிறது.

கோல் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். நான் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். காலில் பந்து பட்ட சத்தம் கேட்டது. பிறகு கையில் பட்ட சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கோல்கீப்பரின் விரல் நுனியில் பட்டு வெளியே போனது என்று சொன்னார்கள். ஒன்றரை அடி கிட்டே இருந்திருந்தால் நிச்சயம் உள்ளே போயிருக்கும் என்று டீக்கடையில் பல மாதம் பேசினார்கள். இருக்கலாம். ஆட்டம் சமனில் முடிந்தது. அவர்கள் மேலே போனார்கள்.

எங்கள் ஆட்டக்காரர்கள் இருந்த மூன்றாம் வகுப்பு அறைப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. மாவுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு குழாயடியில் நின்றேன். சேகர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. குழாயில் முகம் கழுவினான். என்னைப் பார்க்காமலேயே சொன்னான்.

"அளவு கரெக்டா தான் இருந்துச்சி அண்ணாத்த. காலு தான் இன்னிக்கி சரியில்ல."

கோபால் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் ஸ்டோர் அறைக்கு வந்து, நைலான் கயிறு ஒன்றை மேசைமேல் வைத்தார். "நீ செஞ்சது சரிதான்யா" என்றார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "ஒரு பத்து நிமிஷம் கழிச்சி செஞ்சிருக்கலாம்." பிறகு சிரித்துவிட்டார். நாலு வருடம் கழித்து எங்கள் அணி மேலே போனது. அதை உறுதி செய்த ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் சேகரும் ஒருவன்.

அந்தப் பெனால்டி ஆட்டம் முடிந்த அன்றே நான் சாரிடம் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். அவர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமல், எழுதியதைப் படித்துக் காட்டினார். தெற்குப் புள்ளியை ஆய்வாளராகிய நான் அளக்காமல் கையெழுத்திட்டேன், பிழையை மைதானப் பணியாளர் தாமே முன்வந்து தெரிவித்தார் என்று இருந்தது.

"தப்பு என்னுது சார்" என்றேன்.

"கயிறு உன்னுது. கையெழுத்து என்னுது" என்றார். "அடுத்த சீசன் மண்ணு கொட்டும்போது அந்தத் தெற்குப் பக்கத் தாழ்வைச் சரி பண்ணு." நான் போகக் கூடாது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு லீக் புதிய படிவம் அனுப்பியிருந்தது. இரண்டு பெனால்டி புள்ளிகளையும் டேப்பால் அளந்து தனித்தனியே குறிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி கூடியிருந்தது. அந்த வரி எங்கள் மைதானத்தால் வந்தது. இன்றும் இருக்கிறது. சார் வந்தார். கோல்களை அளந்தார், பெட்டியை அளந்தார், வடக்குப் புள்ளியை அளந்தார். நான் எப்போதும் போல பூஜ்ய முனையைப் பிடித்தேன், அவர் படித்தார்.

தெற்குக்கு வந்தோம். கையை நீட்டினேன். சார் முனையைக் கொடுக்கவில்லை. டப்பாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முனையை எடுத்துக்கொண்டு அவரே கோல் கோட்டுக்கு நடந்து போனார். அந்த வயதில், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்து, கோட்டில் அழுத்திப் பிடித்தார். கோபால் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு அணிகளும் பார்த்துக்கொண்டு நின்றன.

"எவ்ளோப்பா?" என்று அங்கிருந்து கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன்.

"முப்பத்தாறு சார்."

சார் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, வந்து பார்க்காமலே குறித்துக்கொண்டார்.